தலைவர் பதவிக்கு ஒரு வைஃபை கார்டு

“கார்டுதாம் அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்ல,” என்றான் எட்வின், லேப்டாப்பின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு. தேங்காய் வாங்குகிறவர்கள் தட்டுவது போலத்தான் தட்டினான்.

எட்வின் பக்கத்துக் கடைக்காரன். தாராவி தொண்ணூறு அடி சாலையில் மொபைல் கவரும் இயர்போனும் விற்கிறான். லேப்டாப் விற்பதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

“எந்தக் கார்டுடே?” என்று கேட்டார் சிவனாண்டி.

“வைஃபை கார்டு. உள்ள சின்னதா இருக்கும். அதுதாம் நெட்டை இழுக்கது. இப்ப அது தளந்து போச்சு. லேமிங்டன் ரோட்டுல புதுசு வாங்கி மாட்டினா ஏக்தம் ஜோரா இழுக்கும். நீங்களே மாட்டிரலாம். ஒரு ஸ்க்ரூதாம்.”

“ஒரு ஸ்க்ரூதானா?”

“ஒரே ஸ்க்ரூ. நான் வீடியோவுல பாத்திருக்கேம்லா.”

அவன் சொன்னது பொய்யில்லை. கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூதான். அந்த ஸ்க்ரூ வரைக்கும் போய்ச் சேருவதற்கு என்னென்ன கழற்ற வேண்டும் என்பதை அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

சிவனாண்டிக்கு இந்த வாரம் நெட் இழுத்தே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழச்செங்குளம் ஊர்ச் சங்கத்தின் மும்பைக் கிளைக் கூட்டம். தலைவராக இருந்த உல்லாஸ்நகர் வெயிலுமுத்து அண்ணாச்சி ஊரோடு போய்விடப் போகிறார். புதுத் தலைவரை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். தலைவருக்குத்தான் ஊரில் சித்திரைக் கொடைத் திருவிழாவில் அம்மன் சந்நிதியில் முதல் பரிவட்டம் கட்டுவார்கள்.

அந்தப் பரிவட்டத்தின் மேல் சிவனாண்டிக்குக் கொள்ளை ஆசை. பாத்திரக் கடை வைத்திருக்கிற மனிதர் என்பதால் கொடை அன்னதானத்துக்கு வருஷா வருஷம் அண்டாவும் கரண்டியும் அனுப்புகிறவர் அவர்தான். போன கொடையில் ஊர்ச்சோறு முழுக்க வெந்தது அவர் அண்டாவில். பரிவட்டம் கட்டியதோ வெயிலுமுத்துவுக்கு. அடுத்த மாலை விழுந்தது செம்பூரில் பிளைவுட் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன் கழுத்தில். சிவனாண்டி வரிசையில் நின்று திருநீறு வாங்கிக்கொண்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வலி இன்னும் போகவில்லை.

முன்பெல்லாம் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் சங்கம் கூடும். கொரோனாவில் கம்ப்யூட்டருக்குப் போன கூட்டம், ரயில் ஏறுகிற அலுப்பு மிச்சம் என்று அங்கேயே தங்கிவிட்டது. அதில்தான் சிவனாண்டிக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். அவர் வாயைத் திறந்ததும் இணைப்பு சரியில்லை என்று திரையில் எழுத்து வரும். இவர் குரல் அந்தப் பக்கம் போகாது, முகம் மட்டும் போட்டோ மாதிரி அப்படியே நிற்கும். போன கொடை முடிந்ததிலிருந்து வருஷம் முழுக்க அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை கிழியப் பேசியிருக்கிறார். கேட்டது தங்கத்தாய் ஒருத்திதான். அவள் அவருடைய மனைவி, அவளுக்கு ஓட்டு இல்லை.

வெளியே சொல்லவும் முடியவில்லை. வீட்டு நெட்டையே கட்டி மேய்க்க முடியாதவர் கொடையை எப்படி நடத்துவார் என்று மாரீஸ்வரன் கேட்பார். கேட்கக்கூடியவர்தான்.

“ப்பா, இது பக்கா பேகார் ஐடியா, உருப்படாது,” என்றாள் மகள் மாலதி, வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே. அவளுக்கு அந்தேரியில் ஆபீஸ். இந்த லேப்டாப் அவள் படிக்கும்போது வாங்கியது. “உள்ள ஆண்டெனா வயர் முடி மாதிரி இருக்கும். அறுந்தா கயா, போச்சு. எல்லா கார்டும் எல்லா மெசின்லயும் போகாது. முதல்ல ரவுட்டரைப் பாருங்க.”

“ரவுட்டரை நான்தானே பத்திரமா வச்சிருக்கேன். அதுக்கு என்ன கேடு?”

“அப்ப என் ஹாட்ஸ்பாட் தாரேன். அதுல பேசுங்க.”

“தலைவரா ஆகப்போறவன் இரவல் நெட்டுலயா பேசுவான்?”

“போன்ல பேசலாம்லா?” என்றாள் தங்கத்தாய்.

“போன்ல பேசினா மூக்குத் துவாரம்தான் தெரியுது. சும்மா கிட.”

சனிக்கிழமை காலையில் சிவனாண்டி லேமிங்டன் ரோட்டுக்குப் போனார். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, எந்த மாடல், “மாடல் கோன்ஸா?” என்பதுதான்.

“காலா,” என்றார் சிவனாண்டி. லேப்டாப் கறுப்பு நிறம்தான், சந்தேகமில்லை.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைத் துண்டை எடுத்து வைத்தார். சேருமா என்று இவர் கேட்டதற்கு, சேர்ந்தால் சேரும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பாத்திரக் கடையில் குக்கர் வாங்குகிறவர்கள் விசில் வருமா என்று கேட்டால் சிவனாண்டியும் அப்படித்தான் ஆட்டுவார். அதனால் அவருக்கு நம்பிக்கை வந்தது.

மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்ததும் பின்கட்டில் பாயை விரித்து வேலையை ஆரம்பித்தார். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் கடை, பின்னால் அடுக்களை, கடைக்கு மேலே பலகை போட்ட பரண். அதை அங்கே மாளா என்பார்கள்.

“மொதல்ல ஒரு உலோகத்தைத் தொடணும் அண்ணாச்சி,” என்று எட்வின் தன் கடையிலிருந்தே குரல் கொடுத்தான். “உடம்புல கரண்ட் இருந்தா கார்டு கருகிரும்.”

தொடுவதற்குச் சிவனாண்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு தோசைக்கல், ஒரு குத்துவிளக்கு, ஒரு இட்லிக் கொப்பரை என்று வரிசையாகத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். 

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் ஒரு ஸ்க்ரூ என்பது எவ்வளவு பெரிய சமாசாரம் என்று தெரிந்தது. மூலைக்கு மூலை ஸ்க்ரூ இருந்தது. ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சில இருந்தன. சில நீளம், சில குட்டை. ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதே என்று யோசித்தார். பாத்திரக்காரருக்கு வருகிற யோசனைதான் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு புது அஞ்சறைப்பெட்டியை எடுத்து, நீளமானவை கடுகுக் கிண்ணத்தில், குட்டையானவை சீரகக் கிண்ணத்தில் என்று பிரித்துப் போட்டு மூடி வைத்தார். பெட்டியைக் கால் இடறாமல் இருக்கக் கடைப் பக்கத்துத் தட்டில் வைத்தார். தன் ஒழுங்கை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

மூடி லேசில் வரவில்லை. வடைக் கரண்டியின் முனையை விட்டு நெம்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. எது உடைந்தது என்று தெரியவில்லை. தெரியாத வரைக்கும் நிம்மதி என்று மேலே போனார். உள்ளே பழைய கார்டு இருந்தது. அதன் தலையில் கறுப்பாக ஒரு வயர், வெள்ளையாக ஒரு வயர். மாலதி சொன்னது போல முடி மாதிரிதான் இருந்தன. கறுப்பு சொன்னபடி கழன்றது. வெள்ளை பிடிவாதம் பிடித்தது. சிவனாண்டியும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வயர் கையோடு வந்தது, அதன் முனையிலிருந்த பித்தளைப் பொட்டு மட்டும் நசுங்கிப் போயிருந்தது.

புதுக் கார்டை மாட்டி, மூடியை மேலாக்க வைத்து, பட்டனை அமுக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது. வந்து, கறுப்பு நிறத்தில் இங்கிலீஷில் நாலு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றது. அணைத்துப் போட்டார், மறுபடி அதே நாலு வரி. முன்பு நெட் மட்டும்தான் வரவில்லை. இப்போது லேப்டாப்பே வரவில்லை.

அரை நாள் ஆபீஸ் முடித்து வந்த மாலதி படித்துச் சொன்னாள். “அனுமதி இல்லாத கார்டு மாட்டியிருக்கு, அதைக் கழத்தினாத்தான் மேல போவேன்னு சொல்லுது.”

“என் மெசின்ல நான் மாட்டுறதுக்கு அனுமதி குடுக்க அவன் யாரு?”

“கம்பெனிக்காரன்ப்பா. அவன் லிஸ்ட்ல இருக்க கார்டு மட்டும்தான் எடுக்கும். நேத்தே சொன்னேன்.”

“நேத்துச் சொன்னதை இன்னைக்குச் சொல்லாத.”

பழைய கார்டையே திரும்ப மாட்டினார்கள். லேப்டாப் உயிர் பெற்றது. ஆனால் வெள்ளை வயர் உட்கார மறுத்தது. நசுங்கிய பொட்டு எதிலும் பொருந்தவில்லை. கறுப்பு வயரோ இத்தனை ரகளையில் எங்கோ உள்ளே போய்விட்டது. மாலதி போன் வெளிச்சத்தில் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“காலையில அஞ்சு நிமிசமாச்சும் நெட் வந்துச்சு,” என்றாள் தங்கத்தாய். அவள் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

“சரி, மூடித் தொலைப்போம். அந்த அஞ்சறைப்பெட்டியை எடு.”

“எந்த அஞ்சறைப்பெட்டி?”

“தட்டுல வச்சிருந்தேம்லா.”

தங்கத்தாய் முகம் மலர்ந்தது. “அது வித்துப்போச்சு. நம்ம சந்துல இருக்க மராத்திக்காரம்மா வந்தனா வந்திருந்தா. மருமவளுக்கு மசாலா டப்பா வேணும்னா. கையில எடுத்து ஆட்டிப் பாத்தா, உள்ள சலசலன்னு கேட்டுச்சு. கிண்ணம் ஆடுதுன்னு சொல்லிட்டேன். பேரம்கூடப் பேசல.”

“அதுக்குள்ளதாம்ட்டி ஸ்க்ரூ எல்லாம் இருக்கு.”

“டப்பாவுக்குள்ள ஸ்க்ரூ இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா? வித்தா யாவாரம்னு நினைச்சேன்.”

வந்தனா மருமகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள் என்றார்கள். அந்த வீடு எங்கேயோ பன்வெல் தாண்டி. கடுகும் சீரகமும் போட வேண்டிய கிண்ணங்களைத் திறந்ததும் அந்தப் பெண் என்ன நினைத்திருக்கும் என்று யோசிக்கச் சிவனாண்டிக்குத் தெம்பில்லை. கடையில் பார்சல் கட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்து லேப்டாப்பின் அடிமூடியைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். ஒட்டி முடித்தபோது அது ஊருக்கு அனுப்பத் தயாராக இருப்பது போல இருந்தது.

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பரிவட்டம் கட்டிக்கொண்டு மாரீஸ்வரன் நிற்பது கண்ணுக்குள் வந்து வந்து போனது. “ஒருதரம், ஒரே ஒருதரம் நான் பேசுறதை அவனுவ முழுசாக் கேட்டுட்டா போதும் தாயி,” என்றார். “அப்புறம் யாருக்கும் சந்தேகமே இருக்காது. ஒரு வருசமா மனசுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கு.” தங்கத்தாய்க்குப் பாவமாக இருந்தது. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்வின் எட்டிப் பார்த்தான். நேற்று நடந்த எதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றான்.

“கார்டே வேண்டாம் அண்ணாச்சி. ரவுட்டருல இருந்து நேரா வயரு போட்டுக் குத்திரலாம். அதுதாம் இருக்கதுலயே ஸ்ட்ராங்கு.”

“இதை முந்தாநேத்துச் சொல்லுததுக்கு என்னடே?”

“நீங்க கார்டைப் பத்தித்தான கேட்டீங்க?”

ரவுட்டர் மாளாவில் இருந்தது. மாலதி ஏணியில் ஏறினாள். மேலே பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

“ப்பா, வைஃபை டப்பாவை எங்க வச்சிருக்கீங்க?”

“அங்கனதாம். பெரிய அண்டாவுக்குள்ள.”

“அண்டாவுக்குள்ள?”

“எலி வயரைக் கடிக்கும்லா. அதான் உள்ள வச்சு, மேல தாம்பாளத்தைப் போட்டு மூடியிருக்கேன். ஒயர் வார அளவுக்குச் சந்து விட்டிருக்கேன். ஏன், எலி பூந்துட்டா?”

மாலதி தாம்பாளத்தை எடுத்தாள். ரவுட்டரை அண்டாவிலிருந்து வெளியே வைத்தாள். ஏணியில் நின்றபடியே தன் போனை எடுத்துப் பார்த்தாள். வீட்டு வைஃபை முழுக் கோடும் காட்டியது. அவள் இந்த வீட்டில் அதைப் பார்த்ததே இல்லை.

“எவ்வளவு கனமான அண்டா,” என்றார் சிவனாண்டி, கீழேயிருந்து. “எலி பல்லு உடைஞ்சு போகும்.”

“சிக்னலுக்கும் பல்லு உடைஞ்சு போச்சு. கார்டுக்கு ஒண்ணுமே இல்லப்பா. நீங்க கழத்துற வரைக்கும் அது நல்லாத்தான் இருந்திருக்கு.”

எட்வின் தன் கடைக்கு யாரோ வந்திருப்பதாகச் சொல்லி நழுவினான். யாரும் வரவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

ரவுட்டரோடு வந்த குட்டை வயர்தான் கையில் இருந்தது. அது மாளாவை விட்டு இறங்காது. அதனால் சிவனாண்டி மாளாவுக்கு ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி கட்டி, திருநீறு பூசி, குக்கர் பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்தால் தகரக் கூரை மண்டையில் இடித்தது, குனிந்தபடியே இருந்தார். பழுப்பு டேப் கேமராவில் தெரியாது என்று மாலதி உறுதி சொன்னாள்.

கூட்டம் தொடங்கியது. வெயிலுமுத்து சிரித்த முகமாக இருந்தார். மாரீஸ்வரன் வழக்கம் போலப் பிளைவுட் அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோவண்டியில் மெஸ் நடத்தும் மீனாட்சியம்மாளின் கேமரா ஒரு மின்விசிறியைக் காட்டியது. இன்னும் பலர் இருந்தார்கள். எல்லார் முகமும் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெளிவாக வந்தது.

“நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கோம்,” என்று வெயிலுமுத்து ஆரம்பித்தார். “நான் ஒரு பேரைச் சொல்லப்போறேன். அதுக்கு முன்னால யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?”

“அண்ணாச்சி, நான் பேசுதேன்,” என்றார் சிவனாண்டி.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, இத்தனை நாளுக்குப் பிறகு சேர்ந்துவிட்டது. சிவனாண்டிக்குக் கண்ணே கலங்கியது. இனி நிறுத்த முடியாது, நிறுத்தவும் மனமில்லை.

“கொடை நடத்துற லெச்சணத்தை ஒரு வருசமாப் பாக்கேன். நையாண்டி மேளம் நடுராத்திரிச் சாமக்கொடை முடிஞ்ச பொறவு வந்துச்சு. யாரு கேட்டா? ஒருத்தரும் கேக்கல. பிளெக்ஸ் போர்டுல அம்மன் படத்தைவிட மாரீஸ்வரன் படம் பெருசு. அம்மன் என்ன அவரு கடையிலயா வேலை பாக்கா? வெயிலுமுத்து அண்ணாச்சி, நீங்க பெரியவங்க, ஆனா வில்லுப்பாட்டை நிறுத்துனது உங்க தப்பு. மீனாட்சி மதினி, சக்கரைப் பொங்கல்ல முந்திரியைத் தேடி நான் அண்டாவுக்குள்ள இறங்கிப் பாத்தேன், என் அண்டாதான்.”

யாரோ குறுக்கிட வாயெடுத்தார்கள். “முடிச்சிருதேன்,” என்றார் சிவனாண்டி. முடிக்கவில்லை. உல்லாஸ்நகர்க்காரர்கள் சாமியாட்டத்துக்கு நடுவில் செல்ஃபி எடுத்ததைச் சொன்னார். செம்பூர்க்காரர்கள் பந்தியில் முதல் வரிசை பிடித்ததைச் சொன்னார். தாராவிக்காரர்களையும் விடவில்லை, நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம்தானே. மாவிளக்கு முளைப்பாரி தொடங்கி, செருப்பு விடுகிற இடம் வரைக்கும் வந்தார். இணைப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. மாலதி ஏணியில் நின்று கை காட்டினாள். பிரமாதம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினார்.

பேசி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். திரையில் ஒருவரும் அசையவில்லை. பாவி நெட் கடைசியில் காலை வாரிவிட்டதோ என்று அவருக்குப் பதறியது.

“கேக்குதா? நான் பேசினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றார் வெயிலுமுத்து. “நல்லாவே கேட்டுச்சு.” கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தலைவர் விஷயத்தை அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மறைந்தார். மாரீஸ்வரன் போனார். ஒவ்வொரு கட்டமாகத் திரை காலியானது. கடைசியில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“மதினி, என்ன, எல்லாரும் ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாவ?” என்றார் சிவனாண்டி. “வெயிலுமுத்து அண்ணாச்சி ஏதோ பேரு சொல்லப்போறேன்னாரே?”

மீனாட்சியம்மாள் பெருமூச்சு விடுவது மாளா வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

“உங்க பேருதான் கொழுந்தனாரே. ஒரு வருசமா நாங்க எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, ஆடாம அசையாமப் பொறுமையாக் கேட்டுக்கிட்டு இருந்த ஒரே ஆளு நீங்கதாம்னு, மாரீஸ்வரன் உட்பட எல்லாருமாச் சேந்து போன வாரமே முடிவு பண்ணி, பூமாலைக்கும் சொல்லியிருந்தோம்.”